வைக்கோல் போரில் வைத்த தீ

கடலூர் மாவட்டக் கடலோரப் பள்ளி ஒன்றில் போய், "உங்களுக்கு ஒரு ஜப்பானிய வார்த்தையாவது தெரியுமா?" என்று கேட்டால் பிள்ளைகள் இல்லை என்றுதான் தலையாட்டுவார்கள். தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, கிள்ளை என்று பல இடங்களில் கேட்டிருக்கிறேன். "சுனாமி?" என்று நானே எடுத்துக் கொடுத்தால் வகுப்பு முழுக்கக் கத்தும்: "அது தமிழ் சார்!" 2004க்குப் பல வருடம் கழித்துப் பிறந்த பிள்ளைகள் இவர்கள். இவர்கள் வாயில் அந்தச் சொல் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. சுனாமி வீடு, சுனாமி நகர், சுனாமிக்கு முன்னாடி, சுனாமிக்கு அப்புறம். ஊரில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருடம் சொல்வதே அதை வைத்துத்தான்.

சிதம்பரத்திலிருந்து சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் போய் அறிவியல் சோதனைகள் செய்துகாட்டுவது என் வேலை. சில பள்ளிகளில் உலக நாடுகளின் பண்பாடு என்று ஒரு நாள் ஒதுக்குவார்கள். ஜப்பான் என்றால் காகிதக் கொக்கு, கிமோனோ, செர்ரிப் பூ, தேநீர்ச் சடங்கு. எல்லாம் அழகுதான். காகிதக் கொக்கு மடிக்க நானும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். மடித்து முடித்து வாலை இழுத்ததும் இறக்கை அசையும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மரபுகளில் முதலில் போய்ச் சேர வேண்டியது வேறொன்று என்று நினைக்கிறேன். கடல் ஒரு தடவை செய்ததை, அதைப் பார்க்காத தலைமுறைக்குக் கதையாகவும் திருவிழாவாகவும் ஓட்டமாகவும் சொல்லிக்கொடுக்கும் மரபு அது. அவர்களிடமிருந்து நமக்குச் சொல் வந்துவிட்டது. அந்தச் சொல்லோடு கூடவே வந்திருக்க வேண்டிய கதை இன்னும் வரவில்லை.

முதலில் சொல். 'த்ஸு' என்றால் துறைமுகம், 'நாமி' என்றால் அலை. துறையில் மட்டும் தெரிகிற அலை. விடிகாலையில் கடலுக்குப் போன மீனவர்களுக்கு நடுக்கடலில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்தால் துறை இருந்த இடத்தில் எதுவும் இல்லை. அப்படிப் பிறந்த பெயர் என்று விளக்கம் சொல்வார்கள். இதைச் சொன்னதுமே வகுப்பில் நாலைந்து கை உயரும். "எங்க தாத்தாவும் அப்படித்தான் சார் சொல்லும். போட்ல இருந்தாங்களாம், ஒன்னுமே தெரியலையாம்." 2004 டிசம்பர் 26 காலையில் ஆழ்கடலில் இருந்த நம் ஊர்க்காரர்கள் பலர் சொன்னதும் ஜப்பானிய மீனவன் சொன்னதும் ஒன்றேதான். அறிவியல் பாடத்தை அந்தத் தாத்தாவிடமிருந்தே தொடங்கலாம். நடுக்கடலில் ஏன் தெரியவில்லை?

தகரப் பட்டறையில் சொல்லி, ஒரு மீட்டர் நீளத்துக்கு விளிம்பு மடித்த தட்டு ஒன்று செய்து வைத்திருக்கிறேன். மேசைமேல் வைத்து ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றுவேன். ஒரு முனையை ஒரு விரற்கடை தூக்கிச் சட்டென்று இறக்கினால் தண்ணீர் ஒரு மடிப்பாகக் கிளம்பி எதிர் முனைக்கு ஓடும். ஒரு பிள்ளை கையில் செல்போன், அதில் நிறுத்துக்கடிகாரம். ஏறக்குறைய மூன்று விநாடி. இப்போது தண்ணீரை நான்கு சென்டிமீட்டருக்கு ஏற்றிவிட்டு மறுபடி. ஒன்றரை விநாடிக்குக் கொஞ்சம் மேலே. யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்: "தண்ணி ஆழமா இருந்தா அலை வேகமா ஓடுது சார்." ஆழம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கு. நான்கின் வர்க்கமூலம் இரண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இதையே கடலுக்குக் கொண்டுபோகலாம். ஆழத்தை மீட்டரில் எடுத்துப் பத்தால் பெருக்கி வர்க்கமூலம் பார்த்தால், விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று அலையின் வேகம் கிடைத்துவிடும். அந்தப் பத்து, பூமி ஈர்ப்பின் 9.8தான், கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று முழுமையாக்கியது. கடல் 4,000 மீட்டர் ஆழம் என்றால் 40,000. அதன் வர்க்கமூலம் 200. விநாடிக்கு 200 மீட்டர், அதாவது மணிக்கு 720 கிலோமீட்டர். விமான வேகத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. 1,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 360. கரைக்கு அருகே 10 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 10 மீட்டர், மணிக்கு 36. நம் ஊர் டவுன் பஸ் வேகம். பிள்ளைகள் இதைப் பலகையில் போட்டுப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

காற்று எழுப்பும் சாதாரண அலைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அது கடலின் மேல்தோலை மட்டும் அசைத்துவிட்டுப் போகும். சில பத்து மீட்டர் கீழே போனால் தண்ணீர் சும்மா இருக்கும். சுனாமியில் அடித்தளம் முதல் மேற்பரப்பு வரை மொத்தத் தண்ணீரும் நகர்கிறது. அதன் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே 200 கிலோமீட்டர் இருக்கலாம். கடலின் ஆழமோ நான்கு கிலோமீட்டர். 200க்கு 4 என்பது 100க்கு 2. நம் தகரத் தட்டில் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் எப்படியோ, அப்படித்தான் சுனாமிக்கு வங்கக்கடல். எனக்கு இன்றைக்கும் வியப்புக் குறையாத கணக்கு இது. நாம் ஆழங்காண முடியாது என்று நினைக்கிற கடல், அந்த அலைக்குத் தாம்பாளத்துத் தண்ணீர்.

நீளம் அவ்வளவு, உயரம் எவ்வளவு? 2004இல் நிலநடுக்கம் நடந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் வங்கக்கடலின் மேலே தற்செயலாகக் கடந்துபோனது. கடல்மட்டத்தை அளக்கும் கருவி அதில் இருந்தது. நடுக்கடலில் அலையின் உயரம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் என்று பதிவானது. முழங்கால் உயரம். அதுவும் பல நிமிடங்களில் மெல்ல ஏறி மெல்ல இறங்குவது. படகில் இருந்தவருக்கு அது எப்படித் தெரியும்?

கரைக்கு வர வர ஆழம் குறைகிறது, அலையின் தலை மெதுவாகிறது. வால் இன்னும் ஆழத்தில் இருக்கிறது, அது வேகமாகவே வருகிறது. ஆனித் திருமஞ்சனத் தேர் நாளில் சிதம்பரம் வீதிகளில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். முன்னால் போகிறவர்கள் தயங்கி நிற்க, பின்னால் வருகிற கூட்டம் நிற்காமல் நெருக்கித் தள்ளும். ஆட்கள் நெருங்குவார்கள், தண்ணீர் நெருங்க முடியாது, அதனால் உயர்ந்துவிடும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. மார்கழிப் பௌர்ணமி, தில்லையில் திருவாதிரைத் திருவிழா நாட்கள், பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை. நம் நேரப்படி காலை 6.29க்கு சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவில் பூமி உடைந்தது. இந்தியத் தட்டு அங்கே பக்கத்துத் தட்டின் அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நுழைந்துகொண்டே இருக்கிறது. நுழையும் இடம் சிக்கிக்கொண்டதால் மேல்தட்டு நூற்றாண்டுக் கணக்கில் வளைந்து நின்றது. அன்றைக்கு விடுபட்டு நிமிர்ந்தது. 1,200 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்துக்கு, அந்தமான் வரை, கடல்தரை எழும்பியது. மேலே நின்ற தண்ணீர் எங்கே போகும்? அது நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் தொண்ணூறு வயது ஆயாகூடத் தடியூன்றி நடந்தே தப்பியிருக்கலாம். தெரியாமல் போனதுதான் கொன்றது. அலையைப் பார்த்தவர்கள்கூட அது என்னவென்று அறியாமல், கடல் உள்வாங்கிய வேளையில் மீன் பொறுக்க இறங்கினார்கள். வருபவை பல அலைகள் என்பது தெரியாமல், முதல் அலை வடிந்ததும் பாத்திரம் பண்டம் எடுக்கத் திரும்பி ஓடினார்கள்.

இங்கேதான் அந்தக் கதையைச் சொல்வேன்.

ஜப்பானில் கீ தீபகற்பத்தின் கரையில் ஹிரோ என்று ஒரு சிற்றூர். மலைமேல் வீடு கட்டியிருந்த ஊர்ப் பெரியவர் கோஹெய். ஊரே கீழே கடற்கரையில் அறுவடைத் திருவிழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. பூமி நெடுநேரம், மெதுவாக ஆடியது. பயமுறுத்துகிற ஆட்டமில்லை. பெரியவர் கடலைப் பார்த்தார். கடல் கரையை விட்டு ஓடிக்கொண்டிருந்தது. கீழே போய்ச் சொல்ல நேரமில்லை. கத்தினால் கேட்காது. தீவட்டியை எடுத்துத் தம் வயலில் அடுக்கியிருந்த நெற்கதிர்ப் போர்களுக்கு ஒவ்வொன்றாகத் தீ வைத்தார். அந்த வருட விளைச்சல் மொத்தமும். தீயைப் பார்த்த ஊர் அணைக்க மலையேறி ஓடிவந்தது. கிழவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது, கீழே ஊர் இருந்த இடத்தில் கடல் இருந்தது.

நெல் விளைகிற மாவட்டத்துப் பிள்ளைகள் இந்தக் கதையில் அலைக்குப் பயப்படுவதைவிட, வைக்கப்போருக்கு ஒருவர் தானே தீ வைத்தார் என்பதற்குத்தான் மூச்சடக்கிக் கேட்பார்கள். கதிரடித்துக் களத்தில் போர் போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதன் விலை தெரியும்.

கதையை இப்படி எழுதியவர் லாஃப்காடியோ ஹெர்ன். அயர்லாந்துத் தந்தைக்கும் கிரேக்கத் தாய்க்கும் பிறந்து, ஜப்பானில் குடியேறி அந்நாட்டுக் குடிமகனாகவே ஆனவர். 1896 ஜூன் 15 அன்று சான்ரிக்கு கரையில் சுனாமி வந்து 22,000 பேர் இறந்தார்கள்; அதற்குப் பிறகு அவர் எழுதிய இந்தக் கதை 1897இல் புத்தகமாக வந்தது. ஹிரோவுக்குப் பக்கத்தில் பிறந்த நக்காய் த்ஸுனேஸோ என்ற பள்ளி ஆசிரியர் குழந்தைகளுக்காக அதைச் சுருக்கி எழுதினார். 1937 முதல் 1947 வரை ஜப்பானின் பள்ளிப் பாடநூலில் அது ஒரு பாடம். "இனாமுரா நோ ஹி" என்று பெயர், அதாவது போரில் வைத்த தீ. ஐக்கிய நாடுகள் சபை 2015 டிசம்பரில் நவம்பர் 5ஆம் தேதியை உலகச் சுனாமி விழிப்புணர்வு நாள் என்று அறிவித்தது இந்தக் கதையின் நினைவாகத்தான்.

உண்மையில் நடந்தது கொஞ்சம் வேறு. அதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. எனக்கு அந்த உண்மைதான் கதையைவிடப் பெரிது. அவர் கிழவர் இல்லை, 34 வயதுக்காரர். பெயர் ஹமாகுச்சி கோரியோ. சோயா சாறு காய்ச்சி விற்கும் பெரிய வணிகக் குடும்பத்தின் தலைவர். 1854 டிசம்பர் 24, நமக்கு மார்கழி, மாலை நேரம். நிலநடுக்கம் மெதுவானதல்ல, கடுமையானது. அலை வந்துவிட்ட பிறகு, இருட்டில் மேட்டுக்கு வழி தெரியாமல் தவித்தவர்களுக்கு வெளிச்சம் காட்டத்தான் அவர் போர்களுக்குத் தீ வைத்தார். எரிந்தது கதிரடித்த பிறகு அடுக்கிய வைக்கோல். அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஹச்சிமான் கோயில் மேட்டுக்கு ஏறியவர்கள் பிழைத்தார்கள்.

அலை போன பிறகு அவர் செய்ததைத்தான் நான் அதிக நேரம் சொல்வேன். வீடும் படகும் வலையும் போன ஊர் கலைந்து போகப் பார்த்தது. அவர் தம் சொந்தப் பணத்தில் கடலுக்கும் ஊருக்கும் நடுவே ஒரு மண் கரை எழுப்பத் தொடங்கினார். பிழைப்பற்றுப் போன ஊர்க்காரர்களுக்கே அதில் தினக்கூலி. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் நடந்து 1858இல் முடிந்தது. நீளம் ஏறக்குறைய 600 மீட்டர், உயரம் 5 மீட்டர். கடல் பக்கம் பைன் மரங்களை வரிசையாக வைத்தார்கள். 1885இல் அவர் இறந்தார். 1946 டிசம்பர் 21 அன்று, 92 வருடம் கழித்து, அதே கடலிலிருந்து மறுபடி ஒரு சுனாமி வந்தது. கரைக்கு உள்ளே இருந்த ஊரின் பெரும்பகுதியை அது தொடவில்லை. மண் சுமந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள்.

1903 முதல் அந்த ஊரில் சுனாமித் திருவிழா என்று ஒன்று நடக்கிறது. இப்போது நவம்பரில் நடத்துகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் மண் கொண்டுவந்து அந்தப் பழைய கரைமேல் கொட்டுவார்கள். கரைக்கு அந்த மண் தேவையா என்றால், பெரிதாகத் தேவையில்லை. கரை எங்கே இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்பது அந்தக் கைகளுக்குத் தெரிந்துவிடும். நம் ஊர்களில் டிசம்பர் 26 அன்று மீனவர்கள் கடலில் பால் ஊற்றிப் பூத் தூவி இறந்தவர்களுக்கு அஞ்சலி செய்கிறார்கள். அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அந்த நாள் அரையாண்டு விடுமுறையில் விழுகிறது. பள்ளியில் எதுவும் நடப்பதில்லை. இறந்தவர்களை நினைக்க ஒரு நாள் இருப்பதைப் போல, பிள்ளைகள் ஓடிப் பழகவும் ஒரு நாள் வேண்டும்.

கதையை அப்படியே நம்பினால் ஓர் ஆபத்து உண்டு. கடல் உள்வாங்குவது எச்சரிக்கை என்று அது கற்றுத்தருகிறது. உண்மைதான், ஆனால் எப்போதும் இல்லை. 2004இல் கடல்தரை எழும்பிய பக்கம் நம்மைப் பார்த்தும், தாழ்ந்த பக்கம் தாய்லாந்தைப் பார்த்தும் இருந்தன. அதனால் தாய்லாந்தில் முதலில் போய்ச் சேர்ந்தது அலையின் பள்ளம். அங்கே கடல் முதலில் பின்வாங்கியது. நம் கரையை நோக்கி முதலில் வந்தது மேடு. உள்வாங்கல் இங்கே அலைகளுக்கு நடுவில்தான் வந்தது. ஆகவே கடல் உள்ளே போகட்டும், பிறகு ஓடலாம் என்று காத்திருக்கவே கூடாது. நிலநடுக்கம் உணர்ந்தாலோ, கடல் இயல்பு மாறிப் பேரிரைச்சல் கேட்டாலோ, எச்சரிக்கை வந்தாலோ கிளம்பிவிட வேண்டும். தகரத் தட்டின் ஒரு முனையைத் தூக்குவதற்குப் பதில் தாழ்த்திக் காட்டினால் பிள்ளைகளுக்கு இது ஒரே நிமிடத்தில் விளங்கும்.

எல்லா நிலநடுக்கத்துக்கும் ஓட வேண்டுமா என்றும் கேட்பார்கள். 2012 ஏப்ரல் 11 அன்று அதே பகுதியில் 8.6 அளவில் ஆடியபோது நம் கரை முழுக்க மக்கள் ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை. அன்றைக்கு ஒரே தட்டுக்குள் பாறைப் பாளங்கள் ஒன்றையொன்று பக்கவாட்டில் உரசிக்கொண்டன, கடல்தரை எழும்பவில்லை. ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இப்போது இதைக் கணித்துச் சொல்கிறது. ஆனாலும் அன்று ஓடியவர்கள் வீணாக ஓடவில்லை. ஒத்திகைக்கு அதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது.

ஜப்பானின் சான்ரிக்கு கரையில் 'தென்தென்கோ' என்று ஒரு வட்டாரச் சொல் உண்டு. அவரவர் தனித்தனியாக என்று பொருள். சுனாமி வந்தால் தென்தென்கோ. அப்பா அம்மாவைத் தேடாதே, தம்பிக்காக நிற்காதே, மேட்டுக்கு ஓடு. யமஷிதா ஃபுமியோ என்ற சுனாமி வரலாற்றாசிரியர் இந்தச் சொல்லை நாடறியச் செய்தார். 1896இல் உறவுகளை இழந்த குடும்பம் அவருடையது. முதலில் கேட்கும்போது மனம் ஒப்பாது. நம் பிள்ளைகளும் ஒப்புவதில்லை. "தம்பிய விட்டுட்டு எப்படி சார் ஓடுறது?" ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பாதி இருக்கிறது. எல்லோரும் தனித்தனியாக ஓடிவிடுவார்கள் என்ற நம்பிக்கை வீட்டுக்குள் முன்கூட்டியே இருந்தால்தான் ஒருவரும் இன்னொருவரைத் தேடிக் கடலை நோக்கித் திரும்பமாட்டார்கள். அம்மா பள்ளிக்கு வரமாட்டாள், ஏனென்றால் பிள்ளை ஓடியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளை வீட்டுக்குப் போகாது, ஏனென்றால் அம்மா ஓடியிருப்பாள். பேசி வைத்துக்கொண்ட அன்புதான் அது.

அதே கரையிலுள்ள கமாயிஷி நகரத்துப் பள்ளிகளில் கதாதா தொஷிதகா என்ற பேராசிரியர் பல ஆண்டுகள் இதைப் பாடமாக நடத்தினார். 2011 மார்ச் 11 பிற்பகல் பூமி ஆடியதும் அங்கே உனோசுமாய் பகுதியில் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஓடத் தொடங்கினார்கள். பக்கத்துத் தொடக்கப்பள்ளிச் சிறுவர்கள் முதலில் மூன்றாம் மாடியில் கூடி நின்றார்கள். பெரிய பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்ததும் அவர்களும் இறங்கி ஓடினார்கள். ஒத்திகையில் குறித்திருந்த இடத்தை அடைந்தபோது பின்னால் இருந்த சரிவில் மண் சரிந்துகொண்டிருந்தது. இங்கே நிற்க வேண்டாம் என்று மேலும் ஓடினார்கள். அடுத்த இடமும் போதாது என்று தோன்ற, அதற்கும் மேலே. பெரிய பிள்ளைகள் சிறியவர்களின் கையைப் பிடித்திருந்தார்கள். இரு பள்ளிகளும் கடலுக்குள் போயின. அந்த நகரில் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஏறக்குறைய மூவாயிரம் பள்ளிப் பிள்ளைகளில் அந்த நேரம் பள்ளியின் பொறுப்பில் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அதே உனோசுமாயில் ஒரு சோகமும் நடந்தது. ஊருக்குள் தாழ்வான இடத்தில் இருந்த ஒரு கட்டடத்தில், முதியவர்கள் ஏறிவரச் சிரமப்படுவார்களே என்று, வசதிக்காக ஒத்திகை நடத்திவந்தார்கள். நிஜமாக அலை வந்த நாளிலும் மக்கள் பழக்கத்தில் அங்கேயே போனார்கள். மிகப் பலர் இறந்தார்கள். ஒத்திகையில் கால் எங்கே போகப் பழகுகிறதோ, பதற்றத்தில் அங்கேதான் போகும். பள்ளி மைதானத்தில் வரிசையாக நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் ஒத்திகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்து வயிறு கலங்கும்.

இதெல்லாம் ஜப்பானியருக்கு மட்டும் வாய்த்தது என்று நினைக்க வேண்டாம். சுமத்ராவை ஒட்டிய சிமேலுவே தீவு 2004 நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது; அங்கே அலை சில நிமிடங்களில் வந்துவிட்டது. 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர். 1907இல் வந்த அலையை 'ஸ்மோங்' என்று பெயரிட்டுப் பாட்டிகள் தாலாட்டிலும் கதையிலும் சொல்லி வந்திருந்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே ஒன்று உண்டு. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு. அங்கிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்த ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திய தகவல் மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. தினமும் அலை உயரமும் மீன் நிலவரமும் சொல்ல வைத்தது. அதில் அறிவித்தார்கள். வீடுகள் போயின. 3,600 பேர் கொண்ட ஊர் பிழைத்தது. வைக்கோல் போருக்குப் பதில் ஓர் ஒலிபெருக்கி.

தமிழிலும் கடல்கோள் என்ற சொல் பழையது. கடல் கொண்ட ஊரும் கடல் கொண்ட நாடும் நம் இலக்கியத்திலும் உரைகளிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. எங்கே நிற்கக் கூடாது, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று மட்டும் அந்தக் கதைகள் சொல்லவில்லை. இழந்ததன் பெருமையைத்தான் சொல்லின. ஜப்பானில் அனேயோஷி என்ற சிற்றூரில் 1933 சுனாமிக்குப் பிறகு நட்ட ஒரு கல், இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று வெட்டென்று சொல்கிறது. ஊரார் அதற்கு மேலேயே வீடு கட்டினார்கள். 2011இல் அலை கல்லுக்குச் சற்றுக் கீழே நின்றது. கல்லில் எழுதுவது நமக்குப் புதிதா என்ன? விளக்கெரிக்க விட்ட ஆடுகளின் எண்ணிக்கையைக்கூடக் கோயில் சுவரில் வெட்டி வைத்த மண் இது.

மரம் காப்பாற்றுமா என்பது பிச்சாவரம் பக்கத்துப் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் அந்தக் கரையின் 18 மீனவக் குப்பங்களை ஆராய்ந்து 2005இல் எழுதினார்கள்: அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலையொட்டிய மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. வேறு ஆய்வாளர்கள் அந்தத் தரவுகளையே எடுத்து, அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததே பெரிய காரணம் என்றார்கள். இரண்டையும் பிள்ளைகளிடம் சொல்கிறேன். மரம் அலையின் வேகத்தைத் தின்னும், மிதந்துவரும் படகையும் கட்டையையும் பிடித்து நிறுத்தும். ஆனால் ஜப்பானின் ரிக்குசெந்தகாத்தாவில் 70,000 பைன் மரங்கள் நின்ற கடற்கரையில் 2011க்குப் பிறகு மிஞ்சியது ஒன்றே ஒன்று. மரத்தை நடு, காப்பாற்று, அலை வந்தால் ஓடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயரைக் கொடுத்ததும் இந்தச் சதுப்புக் காட்டில் வளரும் ஒரு மரம்தான். கீறினால் பால் வடியும், கண்ணில் பட்டால் கண் போகும். தாங்கள் படகில் போகும்போது உரசிச் செல்லும் மரம்தான் கோயிலின் தலமரம் என்பது பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி.

ஹிரோவுக்கு மலை இருந்தது. நமக்கு இல்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து பிச்சாவரம் வரை நிலம் உள்ளங்கைபோல் தட்டை. உப்பனாறும் கெடிலமும் வெள்ளாறும் கடலுக்கு வாசல் திறந்து வைத்திருக்கின்றன. அலை அந்த வழியாகவும் உள்ளே வரும். ஆகவே ஆற்றோரமாக ஓடக் கூடாது. பல்நோக்குப் பாதுகாப்பு மையத்தின் மாடி, உறுதியான இரண்டு மாடிக் கட்டடம், அல்லது கடலுக்கு நேர் எதிராக உள்ளே போகும் சாலை. எது அருகில் என்று ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைகளே நடந்து பார்த்து நேரம் குறிக்க வேண்டும். கிள்ளைப் பக்கம் ஒரு பள்ளியில் அப்படி நடந்தோம். நடுவில் ஒரு வேலி, வலை காயப்போட்ட இடம், ஒரு சாக்கடை. எட்டு நிமிடம் என்று நினைத்த வழி பதினாலு நிமிடம் ஆனது. சிறியவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனபோது பத்தொன்பது.

அன்று சாயங்காலம் கிளம்பும்போது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். "எங்க ஆயாவால நடக்க முடியாது சார். தென்தென்கோன்னா ஆயா என்ன பண்ணும்?" எனக்குத் தெரியாதும்மா, இன்னிக்கு ராத்திரி வீட்ல எல்லாரும் உக்காந்து பேசுங்க என்றேன். அடுத்த வாரம் போனபோது அவளே தேடி வந்தாள். பக்கத்து வீட்டு அண்ணனிடம் மீன் ஏற்றும் டாட்டா ஏஸ் இருக்கிறதாம். பகலில் அவர் இல்லையென்றால் எதிர்வீட்டுச் சித்தப்பாவின் பைக். அவரும் கடலுக்குப் போயிருந்தால் தெருமுனைக் கடைக்கார மாமா. மூன்று பேரிடமும் ஆயாவே நேரில் பேசி ஒப்புதல் வாங்கிவிட்டதாம். "ஆயா என்னய ஒன்னு கேட்டுச்சு சார்" என்றாள். "நீ என்னயத் தேடி வூட்டுக்கு வரமாட்டியேன்னு கேட்டுச்சு. வரமாட்டேன்னு சொன்னேன். சத்தியம் வாங்கிடுச்சு."